இல்லாத பிரேக்

ஜனவரி 12

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுகிறேன். இங்கே எல்லாம் சுகம். தொப்பை மட்டும் என்னைக் கேட்காமல் வளர்கிறது. நீயும் அத்தானும் எப்படி இருக்கிறீர்கள்? போன் அடித்தால் நீ எடுப்பதே இல்லை. அத்தான் எடுத்து, "அக்கா வண்டியில இருக்கா", "அக்கா குளிக்கிறா", "அக்கா தூங்குறா" என்கிறார். ஒரே நாளில் மூன்று தடவை குளிக்கிற ஆளா நீ? அதனால்தான் பழையபடி பேனாவை எடுத்தேன்.

பெரிய செய்தி ஒன்று. மூன்று வருஷமாகச் சுற்றிச் சுற்றி அவிழ்த்த காந்தச் சுருள் முடிந்துவிட்டது. உனக்குப் புரியும்படி சொல்கிறேன். மூளையைப் படம் எடுக்கிற ஸ்கேன் பெட்டியே ஒரு பெரிய காந்தம். மனச்சோர்வுக்கு இடது நெற்றிப் பக்கம் 'டக் டக்' என்று தட்டுகிறார்களே, அந்தச் சிகிச்சையும் காந்தம்தான். இரண்டையும் ஒரே அறையில் வைத்தால் மாமியார் மருமகள் கதை. ஒன்று வாயைத் திறந்தால் இன்னொன்றின் காரியம் கெட்டுவிடும். என் சுருள் இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்து சமாதானம் பேசும். ஒன்று தட்டிவிட்டு மூச்சு வாங்கும் இடைவெளியில் மற்றது படம் எடுத்துக்கொள்ளும். நெற்றியில் தட்டியது மூளையின் ஆழத்தில் எங்கே போய்ச் சேர்கிறது என்று அப்போதே பார்த்துவிடலாம். மாத்திரை கேட்காத ஆட்களுக்கு இது பெரிய விஷயம் அக்கா.

முதல் சுருள் எங்கே வருகிறது தெரியுமா? உங்கள் ஊர்ப் பெரிய ஆஸ்பத்திரிக்கு! அந்தப் பக்கம் போனால் வெளியே நின்றாவது ஒரு பார்வை பார்த்துவிட்டு வா. உன்னிடமே கார் ஓட்டப் படித்து, உன் மானத்தை வாங்கி, இரண்டு தடவை ஃபெயில் ஆன தம்பி இதையாவது உருப்படியாகச் செய்தான் என்று நாலு பேரிடம் சொல்.

பி.கு.: போன தடவை இங்கே வந்தபோது என் வண்டியில் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, உன் டிரைவிங் ஸ்கூல் வண்டி என்ற நினைப்பில் இல்லாத பிரேக்கை மிதித்து மிதித்துக் கால்மிதியில் ஓட்டை போட்டுவிட்டுப் போனாய். இன்னும் அதே ஓட்டையோடுதான் ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.

உன் தம்பி


ஜனவரி 30

அன்புள்ள தம்பிக்கு,

அக்காவின் ஆசிகள். இங்கே நான், உன் அத்தான், டிரைவிங் ஸ்கூல் மூன்றும் நலம். போர்டில்தான் ஒரு எழுத்து விழுந்துவிட்டது. தொப்பைக்காகக் கவலைப்படாதே. அது குடும்பச் சொத்து. பாகப் பிரிவினையில் எனக்கும் சேரவேண்டியது வந்து சேர்ந்துவிட்டது.

போனில் பேசினால் நீ முதல் வார்த்தையே "என்னக்கா, குரல் ஒரு மாதிரி இருக்கு?" என்பாய். நான் சளி என்பேன். நீ மருந்து சொல்வாய். நான் குடித்தேன் என்று பொய் சொல்வேன். எதற்கு வீண் பாவம்? கடிதத்துக்குச் சளி பிடிக்காது.

உன் சுருள் விஷயத்தை நாலு பேரிடமா சொல்வது? நாற்பது பேரிடம் சொல்லியாகிவிட்டது. எதிர்வீட்டு வக்கீல் மட்டும், "காந்தம் என்னம்மா பெரிய காந்தம், எங்க வீட்டு ஃபேன் மோட்டார்லகூடத்தான் சுருள் இருக்கு" என்றார். நான் விடுவேனா? "உங்க சுருள் காத்து குடுக்கும் சார். எங்க தம்பி சுருள் மனுஷங்களத் திருப்பிக் குடுக்கும்" என்றேன். வக்கீல் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு உள்ளே போனதை அந்தத் தெருவே பார்த்தது. எனக்கே என் பேச்சின்மேல் மரியாதை வந்துவிட்டது.

ஸ்கூல் செய்திகள். பல் டாக்டர் ஒருத்தி சேர்ந்திருக்கிறாள். நாற்சந்தி வந்தால் கண்ணை மூடிக்கொள்கிறாள். "என்னம்மா இது?" என்றால், "என் நாற்காலியில உக்கார்றவங்க எல்லாரும் கண்ண மூடிக்கிறாங்க மேடம், எனக்கும் ஒட்டிக்கிச்சு" என்கிறாள். இப்போது அவளுக்கு மீசைதான் சொல்லிக்கொடுக்கிறான். மீசை யாரென்று மறந்துவிட்டாயா? என்னிடம் வேலை பார்க்கும் இன்னொரு வாத்தியார். ஆளைவிட மீசைதான் முதலில் வேலைக்கு வரும். என் வண்டி ஒர்க்‌ஷாப்பில் இருப்பதால் என் ஆட்களையெல்லாம் அவனே பார்த்துக்கொள்கிறான். என்ன கோளாறு என்று மெக்கானிக்குக்கே பிடிபடவில்லையாம். பேட்டரி சரி, பெட்ரோல் இருக்கிறது, சக்கரம் நாலும் இருக்கின்றன. காலையில் எடுத்தால் மட்டும் நகரமாட்டேன் என்கிறது.

ஒரு விஷயம் கேட்கவேண்டும். என்னிடம் படிக்கும் ஒருத்தி இருக்கிறாள். என் வயதுதான். சரியான வாயாடி, அவள் இருக்கும் இடத்தில் சிரிப்புச் சத்தம் கேட்கும். அவளுக்கு இந்த மனச்சோர்வாம். மாத்திரைகள் கேட்கவில்லையாம். டாக்டர் உன் காந்தத்தைச் சொல்லியிருக்கிறார். அவளுக்கு இரண்டு சந்தேகம். வலிக்குமா? மண்டைக்குள் நினைப்பதெல்லாம் படத்தில் விழுந்துவிடுமா? நாத்தனாரைப் பற்றிச் சில அபிப்பிராயங்கள் வைத்திருக்கிறாளாம். அவை வெளியே வந்தால் குடும்பம் உடைந்துவிடும் என்கிறாள்.

உன் அத்தான் உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார். சொல்லிவிட்டேன்.

உன் அன்பு அக்கா


பிப்ரவரி 16

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். வக்கீலுக்கு நீ கொடுத்த பதிலை எங்கள் ஆய்வகச் சுவரில் எழுதி ஒட்டிவிட்டேன். தலைவியம்மா, அவரை நாங்கள் முதுகுக்குப் பின்னால் ராணி என்போம், நின்று படித்துவிட்டு, "யாரு உங்க அக்காவா? அவங்கள வேலைக்கு எடுத்திருக்கலாம்" என்றார். சிரிக்காத முகம் சிரித்தது.

உன் மாணவியிடம் சொல். வலி என்று பெரிதாக இல்லை. மரங்கொத்தி ஒன்று நெற்றியை மரமென்று நினைத்துக்கொண்டது போல இருக்கும். சிலருக்குத் தலைவலி வரும், போய்விடும். நாத்தனார் படத்தில் விழமாட்டார். எந்த இடத்துக்கு ரத்தம் பாய்கிறது என்பது மட்டும்தான் தெரியும். திட்டுகிறாளா, பாடுகிறாளா என்பதெல்லாம் அவளுக்கும் கடவுளுக்கும்.

இன்னொன்று. படங்கள் எங்களிடம் வரும்போது பெயர் இருக்காது. ராணி ஆளுக்கொரு பறவைப் பெயர் வைத்திருக்கிறார். மைனா, கொக்கு, கிளி என்று போகும். நோயாளி யார் என்று தெரிந்துவிட்டால் அவர் படத்தை நாங்கள் தொடக்கூடாது. தெரிந்தவர் என்றால் நல்லதாகவே பார்க்கத் தோன்றும் இல்லையா? அதனால் உன் மாணவி வந்தாலும் எனக்கு அவள் ஒரு பறவைதான்.

முகத்தைக்கூடப் பார்க்காத எனக்கே அவள்மேல் மதிப்பாக இருக்கிறது அக்கா. மற்றவர்களைச் சிரிக்கவைப்பவள் 'எனக்கு முடியவில்லை' என்று போய் நிற்பது லேசான காரியமில்லை. போகச் சொல்.

வண்டி வந்துவிட்டதா?

உன் தம்பி


மார்ச் 8

அக்கா,

பதில் இல்லை. கோபமா? அத்தான், "எழுதிட்டிருக்கா, எழுதிட்டிருக்கா" என்கிறார். என்ன எழுதுகிறாய், மகாகாவியமா? ஒரு வரி போட்டால் போதும்.

தம்பி


மார்ச் 24

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா நலம். கோபமெல்லாம் இல்லைடா. எழுத உட்காருவேன், பேனா மூடியைத் திறப்பேன், மூடுவேன். அதுவே அன்றைக்கு வேலை செய்த களைப்பாக இருக்கும். இன்றைக்கு மூடியை ஒளித்துவைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

என் மாணவிக்குத் துணையாக ஆஸ்பத்திரிக்குப் போனேன். உன் பெட்டி இருக்கும் அறையில் பல் கிட்டும் குளிர். கம்மல், கொண்டை ஊசி, ஜாக்கெட் கொக்கி என்று எல்லாவற்றையும் கழற்றி வாங்கிக்கொள்கிறார்கள். காதுக்குப் பஞ்சு போன்ற அடைப்பான். தலையை இரண்டு பக்கமும் திண்டு வைத்து இறுக்கி, "அசையக்கூடாதும்மா" என்று அங்கே வேலை பார்க்கும் பெண் நூறு தடவை சொல்கிறாள். அவளுக்கு நான் காந்தக்காரி என்று பெயர் வைத்துவிட்டேன். தங்கமான பெண். கட்டில் உள்ளே போகும். அப்புறம் நெற்றியில் உன் மரங்கொத்தி.

உன் கையெழுத்தைப் பார்த்தேன்! சுருளைத் தாங்கும் பிடியில் வெள்ளை ஒட்டு ஒட்டி, 'தலை இந்தப் பக்கம்' என்று எழுதியிருக்கிறாயே, அதே கோணல் எழுத்து. கண்ணுக்கு நேர் மேலே தெரிகிறது. பள்ளிக்கூடத்தில் எத்தனை நோட்டு வீணாக்கியும் திருந்தாத 'த'. உள்ளே போனதும் என் மாணவிக்கு மூச்சு முட்டியதாம். 'வேண்டாம், எடுத்துடுங்க' என்று கத்தப் போனாளாம். அந்த எழுத்தைப் பார்த்ததும் பயம் போய்விட்டதாம். யாரோ ஒருத்தனின் கோணல் எழுத்து இவளுக்கு எதற்குத் தைரியம் தரவேண்டும்? பைத்தியக்காரி.

இனிமேல் வாரநாள் முழுக்கப் போகவேண்டுமாம். தினசரி தட்டுவது சாதாரண நாற்காலியில். அவ்வப்போது மட்டும் உன் பெட்டி.

வண்டி இன்னும் ஒர்க்‌ஷாப்பில்தான்.

உன் அக்கா


ஏப்ரல் 11

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள் இருவரும் நலம்தானே? நான் நலம் என்று எழுதினால் பொய். யாரிடமும் சொல்ல முடியாமல் உன்னிடம் கொட்டுகிறேன்.

மைனா, கொக்கு, கிளி, காடை நாலு பேரின் படமும் நன்றாக வந்தன. ஐந்தாவதாக வாத்து வந்தது. வந்தது வினை. இடது நெற்றியில் ஒவ்வொரு தட்டு விழும்போதும், வாத்துக்கு உச்சந்தலைக்குக் கீழே ஒரு இடம் பளீரென்று எரிகிறது. அது காலை அசைக்கும் இடம். நாங்கள் தட்டுவது எங்கே, அது எங்கே! தட்டும் காலும் ஜோடியாக, ஒரு தடவைகூடத் தவறாமல்.

ராணி படத்தை மேஜையில் போட்டார். "உங்க சுருள் சிந்துது" என்றார். அதாவது காந்தம் போகவேண்டிய இடத்தில் நிற்காமல் பக்கத்தில் வழிகிறது என்று அர்த்தம். "மத்த நாலு பேருக்கு இல்லையே மேடம்" என்றேன். "ஒரு தலையில சிந்தினது நாளைக்கு இன்னொரு தலையில சிந்தாதுன்னு நீங்க கையெழுத்துப் போட்டுத் தருவீங்களா?" என்று கேட்டார். அவர் கேட்டதில் தப்பும் இல்லை.

அங்கே அனுப்பியதைப் போலவே செய்து இங்கே வைத்திருக்கும் இன்னொரு சுருளைப் பிரித்துப் பார்த்துவிட்டேன். ஒரு குறையும் இல்லை. ஆனால் படம் அப்படிச் சொல்கிறதே! மாதக் கடைசியில் கூட்டம். காரணம் கிடைக்காவிட்டால் சுருளைத் திருப்பி வரவழைத்துவிடுவார்கள். என் மூன்று வருஷத்தை விடு. அங்கே பாதிச் சிகிச்சையில் இருக்கும் பறவைகளையும் அப்படியே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். உன் மாணவியையும்தான். நினைத்தால் சோறு இறங்கவில்லை.

ஒரு வாத்து என்னைக் கவிழ்த்துவிட்டது அக்கா.

உன் தம்பி


ஏப்ரல் 19

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா நலம். உன் கடிதம் வந்தது. முதலில் ஒரு கேள்விக்குப் பதில் சொல். அந்த நோயாளிக்கு ஏன் வாத்து என்று பெயர் வைத்தீர்கள்? மயில் தீர்ந்துவிட்டதா? குயிலுக்குப் பஞ்சமா? ஒரு பொம்பளை, அல்லது ஆம்பளை, யாரோ, அவ்வளவு தைரியமாக அந்தக் குளிர் பெட்டிக்குள் போய்ப் படுத்தால் வாத்தாம் வாத்து! உன் ராணியிடம் நான் ஆட்சேபித்ததாகச் சொல்.

இரண்டாவது. உன் சுருள் சிந்தாது. நீ விசிறி மோட்டாரைப் பிரித்துப் போட்டு அப்பாவிடம் உதை வாங்கிய நாளிலிருந்து உன் கையை எனக்குத் தெரியும். எழுத்துத்தான் கோணல். சுற்று கோணாது.

மூன்றாவது. சோறு தின்னு.

நாலாவது. அந்த ஆளின் காலை யாராவது பார்த்தார்களா? தலையைத்தானே எல்லாரும் பார்க்கிறீர்கள். பெட்டிக்கு வெளியே காலென்று ஒன்று நீட்டிக்கொண்டிருக்குமே, அதை யார் பார்ப்பது? காந்தக்காரிக்குத் தகவல் போகும். ஏன், எப்படி என்று என்னைக் கேட்காதே. அக்கா சொன்னால் நீ கேட்கிற வழக்கம் இல்லைதான். இந்த ஒரு தடவை கேள்.

அக்கா


மே 6

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். சோறு தின்கிறேன். இரண்டு வேளைச் சோற்றை ஒரே வேளையில் தின்கிறேன்.

கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்னால் ஆஸ்பத்திரியிலிருந்து தகவல் வந்தது. வாத்து தானாகவே போய், "சத்தம் கேட்டா என் வலது கால் தானா அழுத்துதும்மா, பெட்டிக்குள்ளயும் அழுத்தியிருக்கும்" என்று சொன்னதாம். மறுபடி படுக்கவைத்து, காலுக்கு நேரே கேமரா வைத்துப் பார்த்திருக்கிறார்கள். நெற்றியில் டக் என்றால் பாதம் சத்தமில்லாமல் ஒரு அழுத்து. அதே கணத்தில் உச்சியில் அந்த வெளிச்சம். அப்புறம் முழங்காலுக்குக் கீழே தலையணை வைத்து, பாதத்தைத் தொங்கவிட்டு, திரும்ப எடுத்தார்கள். உச்சி அணைந்துவிட்டது. நாங்கள் தேடிக்கொண்டிருந்த ஆழத்து இடம் மட்டும் தட்டுக்குத் தட்டு மினுங்கிற்று. ஐந்து பறவைகளில் இவ்வளவு தெளிவான படம் வேறு இல்லையாம்.

ராணி கூட்டத்தில் எழுந்து, "சுருள் சுத்தம். நான் சொன்னது தப்பு" என்றார். எல்லார் முன்னாலும் அக்கா! அதோடு விட்டாரா? இனி சுருள் போகிற எல்லா ஆஸ்பத்திரியிலும் காலுக்கும் ஒரு கேமரா வைப்பது என்று முடிவு. அதற்கு இங்கே வாத்துக் கேமரா என்றே பெயர் விழுந்துவிட்டது. உன் ஆட்சேபத்தைச் சொன்னேன். "வாத்து தண்ணிக்கு மேல அமைதியா இருக்கும், காலு மட்டும் கீழ ஓயாம வேலை செய்யும். இதைவிடப் பொருத்தமான பேரு உண்டா?" என்று கேட்டார்.

ஒரு சின்ன விஷயம். வாத்தின் படங்களை இனி நான் பார்க்கப் போவதில்லை. பழைய படங்களையும் சேர்த்துப் பக்கத்து மேஜைக்காரரிடம் கொடுத்துவிட்டேன். எதற்கு என்று அவரும் கேட்கவில்லை, ராணியும் கேட்கவில்லை. நீயும் கேட்காதே.

அந்த வெள்ளை ஒட்டு கோணலாக இருக்கிறது என்று எழுதியிருந்தாய். நேற்றுத்தான் யோசித்தேன், அதை நான் ஒட்டியது பிடியின் அடிப்பக்கத்தில், படுத்திருப்பவர் கண்ணுக்கு மட்டும் படும் இடத்தில். நல்லதாக அச்சடித்து ஒட்டட்டுமா என்று காந்தக்காரி கேட்டாராம். வேண்டாம், இருப்பதே இருக்கட்டும் என்று சொல்லச் சொன்னேன்.

வண்டி மெதுவாகவே வரட்டும். அவசரமில்லை. உன் மாணவிக்கு என் வணக்கத்தைச் சொல். வணக்கம் போதாது. காலில் விழுந்ததாகவே சொல்.

உன் தம்பி


ஜூன் 2

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா நலம். வணக்கத்தைச் சேர்த்துவிட்டேன். வாங்கிக்கொண்டாள். அப்புறம் முகம் கழுவப் போய்விட்டாள்.

தினமும் போகிறாள். உன் அத்தான்தான் கொண்டுபோய் விடுகிறார். அவர் ஓட்டுவது பாடை போகிற வேகம் என்றாலும் ஒரு நாள்கூட நிறுத்தவில்லை. நேற்று மீசை, பல் டாக்டர் குப்பைத்தொட்டியை இடித்த கதையைச் சொன்னான். "சொத்தைன்னு நெனச்சுப் புடுங்கிட்டா மேடம்" என்றான். என் மாணவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒப்புக்குச் சிரிக்கும் சிரிப்பில்லை, நிஜச் சிரிப்பு. அது வந்து ரொம்ப நாளாயிற்று என்று சிரித்து முடித்த பிறகுதான் அவளுக்கே தெரிந்தது.

எழுத இன்னும் இருக்கிறது. எழுதுவேன்.

உன் அன்பு அக்கா


ஜூலை 5

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உன் கடிதத்தைப் பல தடவை படித்தேன், குப்பைத்தொட்டிக்காகத்தான்.

இங்கே வேலை தலைக்குமேல். இன்னும் மூன்று ஆஸ்பத்திரிகள் சுருள் கேட்டிருக்கின்றன. கால்மிதியை மாற்றிவிடலாம் சார் என்று வண்டி கழுவும் கடைக்காரர் கெஞ்சினார். முடியாது என்றேன். "ஓட்டை சார்!" என்றார். "தெரியும், எங்க அக்கா போட்டது" என்றேன். என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனார்.

போன் அடிப்பதில்லையே என்று நினைக்காதே. நீ அடிக்கும்போது எடுப்பதற்காகக் கையிலேயே வைத்திருக்கிறேன்.

உன் தம்பி


ஆகஸ்ட் 17

அன்புள்ள தம்பிக்கு,

அக்காவின் ஆசிகள், இந்தத் தடவை முழு அளவில். ஆராய்ச்சி முடிந்துவிட்டது. "இனி யார்கிட்ட வேணும்னாலும் சொல்லிக்கலாம்மா" என்று காந்தக்காரி சொல்லிவிட்டாள். ரகசியம் காப்பது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியும். வயிறு உப்பிப்போய் இருக்கிறேன்.

வண்டிக்கு ஒரு கோளாறும் இல்லைடா. அது பாட்டுக்கு வாசலில் நின்றது. அதில் உட்கார்ந்து சாவியைத் திருப்ப எனக்குத்தான் முடியவில்லை. காலையில் உட்காருவேன், ஸ்டீயரிங்கைப் பார்ப்பேன், இறங்கி வந்துவிடுவேன். ஊருக்கே ஓட்டக் கற்றுக்கொடுத்தவளுக்குத் தான் ஓடவில்லை என்று சொல்ல நாக்கு வருமா? அதுவும் உன்னிடம்? அதனால்தான் ஒரு மாணவியைப் பிடித்து வந்தேன். பாவம், நல்ல பெண். அவளுக்கு இன்றோடு விடுதலை.

உன் ஏப்ரல் கடிதம் வந்த அன்று நடந்ததைக் கேள். கால் என்று படித்ததும் எனக்குச் சுருக்கென்றது. உன் அத்தானைக் கூப்பிட்டேன். கட்டிலில் நெட்டாகப் படுத்துக்கொண்டு, "ஒரு டம்ளரை எடுத்துக் கரண்டியால தட்டுங்க" என்றேன்.

"எதுக்கு?"

"தட்டுங்கன்னா தட்டுங்க. தட்டும்போது என் காலைப் பாருங்க."

தட்டினார். "அழுத்துற" என்றார்.

"நான் அழுத்தலையே!"

"நீ அழுத்தலடி, உன் கால் அழுத்துது. இதுல என்ன புதுசு? கல்யாணம் ஆனதுலேர்ந்து தூக்கத்துல நான் இருமினாக்கூட நீ பிரேக் போடுவ."

இத்தனை வருஷம் இதைச் சொல்லாமல் ஒரு மனிதர் குடும்பம் நடத்தியிருக்கிறார்! ஆக, என் தம்பியின் சுருளில் தப்பில்லை. பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தே காலம் தள்ளிய எனக்கு, எந்த 'டக்'கைக் கேட்டாலும் எவனோ குறுக்கே வருகிறான் என்று அர்த்தம். போய்ச் சொன்னால் வைவார்களோ, "அசையாதேன்னு சொன்னோமே" என்று வெளியே அனுப்பிவிடுவார்களோ என்று பயந்தேன். சொல்லாவிட்டால் உன் சுருள் பெட்டிகட்டிக்கொண்டு ஊர் திரும்பும். மறுநாள் அத்தானிடம், "இன்னைக்குக் கொஞ்சம் வேகமா ஓட்டுங்க" என்றேன். நான் அப்படிச் சொல்லி அவர் கேட்டதே இல்லை. அன்று ஓட்டினார். வழியெல்லாம் நான் பிரேக் போட்டுக்கொண்டே போனேன்.

நீ தெரிந்துகொண்டாய் என்று எனக்கு மே மாதமே தெரியும். வாத்தின் படத்தைப் பக்கத்து மேஜைக்குக் கொடுத்துவிட்டேன் என்று எழுதினாயே, அந்த வரியில் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மூன்று வருஷம் பாடுபட்டு, இருப்பதிலேயே நல்ல படம் கைக்கு வந்ததும், ஆராய்ச்சி விதி என்று நீட்டிவிட்டாயே. அக்கா எப்படி இருக்கிறாள் என்று ஒருமுறை எட்டிப் பார்த்திருந்தால் யாருக்குத் தெரியும்? பார்க்கவில்லை. வக்கீலைக் கூப்பிட்டுச் சொல்லத் துடித்தேன். சொல்ல முடியாத பெருமை இருக்கிறதே, அது பல்வலி மாதிரிடா.

முழுக்கத் தேறிவிட்டேன் என்று பொய் சொல்லமாட்டேன். சில காலைகளில் இன்னும் சாவியோடு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருக்கிறேன். அப்படித்தான் இருக்கும், வந்துகொண்டே இருங்கள் என்கிறார் டாக்டர். ஆனால் உட்கார்ந்தபின் திருப்பிவிடுகிறேன்.

போன வாரம் பல் டாக்டரை நானே எடுத்துக்கொண்டேன். பெரிய நாற்சந்தி. எதிரே லாரி. "மேடம், நீங்க பிரேக் போடுங்க மேடம்!" என்று அலறினாள். என் பக்கத்து பிரேக் என் பாதத்துக்கடியில்தான் இருந்தது, நிஜ பிரேக். "கண்ணைத் தொற. கால் உனக்கும் இருக்கு" என்றேன். திறந்தாள். மிதித்தாள். வண்டி நின்றது. லாரி போயிற்று. அவள் ஸ்டீயரிங்கில் தலையை வைத்து அழுதுவிட்டு, "நான்தான மேடம் போட்டேன்? நீங்க போடலையே?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். நான் குனிந்து என் காலைப் பார்த்தேன். சும்மா இருந்தது.

ஆராய்ச்சிக்கு வந்தவர்கள் எல்லாருக்கும் அவரவர் மூளைப் படத்தை ஒன்று கொடுத்தார்கள். சட்டம் போட்டு ஸ்கூல் சுவரில், லைசென்ஸுக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டேன். வக்கீல் வந்து கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். "இது என்னம்மா, காலிஃப்ளவரா?" என்றார்.

"என் மண்டை சார்" என்றேன்.

"நடுவுல ஏதோ மினுங்குதே?"

"எங்க தம்பி தட்டினது."

அவர் கண்ணாடியை மறுபடி ஒருமுறை துடைத்துக்கொண்டார். ஃபேன் மோட்டாரைப் பற்றிப் பேசவே இல்லை.

இதன் பிரதி ஒன்று இத்துடன் இருக்கிறது. இப்போது நீ பார்க்கலாம், விதி தடுக்காது. கால்மிதியை மாற்றாதே, நேரில் வந்து அதே ஓட்டையில் கால் வைக்கிறேன். இந்தக் கடிதம் கிடைக்கிற அன்று போனைக் கையிலேயே வைத்திரு. நான் அடிப்பேன். "குரல் ஒரு மாதிரி இருக்கு" என்று நீ சொன்னால், ஆமாம், நல்ல மாதிரி என்பேன்.

இப்படிக்கு,
வாத்து